ராகு மூலையில் ஊற்றிய தண்ணீர்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று அந்த ரோமானியக் கோயிலில் உனக்கு நான் காட்டியது தென்கிழக்கு மூலை இல்லை. வடமேற்கு மூலை. அதுவும் தெரியாமல் காட்டவில்லை, தெரிந்தே காட்டினேன். அதற்குப் பிறகு உன்னோடு எத்தனை ஆயிரம் டீ குடித்திருப்பேன். ஒரு டீக்கும் அடுத்த டீக்கும் நடுவில் எப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். இனி எழுந்து வந்து என்னை அடிக்க மாட்டாய் என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

எழுத வைத்தது உன் சிவப்பு நோட்டு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாங்கோனின் அலோன் பகுதியில் இருக்கும் என் டீக்கடையை அரை நாள் மூடிவிட்டு, பசுந்தாங்கில் உன் வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் மாடி. லிஃப்ட் என்றைக்கும் இல்லை, அன்றைக்கு மின்சாரமும் இல்லை. உன் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் தொங்கும் கயிறு இருக்கிறதே, அதன் கிளிப்பில் சமூசாப் பையை மாட்டி இரண்டு ஆட்டு ஆட்டினேன். மேலே மணி அடித்தது. உன் மகள் இழுத்துக்கொண்டாள். சமூசா அரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. நான் போய்ச் சேரப் பத்து நிமிடம். கதவைத் திறந்தவள் வாயில் சமூசாவோடு நின்றாள். நிறைமாதம். அந்த வயிற்றைப் பார்த்ததும் மூச்சு வாங்குவதாகக் காட்டிக்கொள்ள எனக்கே கூச்சமாகிவிட்டது.

உட்கார்ந்ததும் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். திறந்தேன். டீசல், பழைய கிரீஸ், ஈரச் சாக்கு வாசனை. உன் சட்டையைக் கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். உன் சட்டையை நான் கட்டிப்பிடித்ததே இல்லை, அந்த நாற்றத்துக்குப் பயந்துதான்.

உன் மகளுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்: அப்பாவும் மாமாவும் ஒரே கப்பலில் வேலை பார்த்தார்கள், அப்பா இயந்திர அறையில் ஃபிட்டர், மாமா சமையல்காரர், கப்பல் ரிப்பேருக்காக குரோவேஷியாவில் பூலா என்ற ஊரில் ஏழு வாரம் நின்றது, அங்கே ரோமானியர் கட்டிய கோயிலில் அப்பா தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொண்டார், அவள் பிறந்தாள். மிச்சத்தை நோட்டு சொல்லும் என்று நம்பியிருக்கிறாள். நோட்டு எப்படிச் சொல்லும்? நீ எழுதிவைத்த முறை அப்படி. குரோவேஷியச் சொல்லைப் பர்மிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளுக்குப் பதில் ஒரு படம். வெங்காயம் வரைந்திருக்கிறாய், ரொட்டி வரைந்திருக்கிறாய், ஒரு பக்கத்தில் தலையில் ஸ்கார்ஃப் கட்டிய பெண்மணி மூக்கைச் சிந்துகிறாள். "பொருளை எழுதினா கண்ணு அங்கயே போயிரும்டா. படம் போட்டா அந்தப் பொருளே வந்து நிக்கும்" என்பாய். எனக்கு வந்து நின்றதெல்லாம் நீ வரைந்த கோணல் வெங்காயம்தான்.

அந்த ஏழு வாரமும் நீ பாடாய்ப் படுத்தினாய். மற்றவர்கள் வேலை முடிந்ததும் சீட்டு விளையாடுவார்கள், தூங்குவார்கள். நீ என்னை இழுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவாய். காய்கறிக்காரியிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பேர் கேட்பாய். அவள் சொல்வாள், நீ திருப்பிச் சொல்வாய், சுற்றி நிற்பவர்கள் திருத்துவார்கள். நான் பின்னால் பை பிடித்துக்கொண்டு நிற்பேன், கப்பலுக்கு வாங்க வேண்டிய வெங்காயத்தை நீ பாடப்புத்தகமாக்குவதைப் பார்த்தபடி. "பேசத் தெரியாத ஊர்ல நாம சரக்குடா. நாலு வார்த்தை பேசினாத்தான் பயணி." இது உன் வாக்கு. இன்றைக்கும் கடைக்கு வரும் சீனாக்காரனிடம் நாலு வார்த்தை சீனம் பேசி அசடு வழிகிறேனே, அது உன்னால் வந்த வியாதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கற்கள். அந்த ஊரில் கடலோரமாகவே ரோமானியர் காலத்து வட்ட அரங்கம் ஒன்று, கூரையில்லாமல், சன்னல் சன்னலாக. அதற்குள் போனதும் நீ ஷூவைக் கழற்றவில்லை. "இங்க ஆளுங்கள சிங்கத்துக்குப் போட்டுருக்காங்க. சாமி இருந்திருந்தா அப்பவே எந்திரிச்சுப் போயிருக்கும்" என்றாய். ஆனால் ஊர் நடுவே சதுக்கத்தில் ஆறு தூண்களோடு நின்ற சின்னக் கோயிலைப் பார்த்ததும் படிக்குக் கீழேயே ஷூவைக் கழற்றிவிட்டாய். நானும் கழற்றினேன். யாங்கோனில் வளர்ந்தவனுக்குக் கால் தானாகக் கழற்றும். பகோடாவோ பிள்ளையாரோ, உள்ளே சாமி இருக்கிறதா இல்லையா என்று காலுக்கு என்ன தெரியும்? எத்தனையோ நூறு வருடமாகப் பூசை இல்லாத கோயில், பிப்ரவரி மாதம், பனிக்கட்டி மாதிரிச் சலவைக்கல். நம்மைப் பார்த்து டிக்கெட் தரும் அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். நாம் ஏதோ போராட்டம் நடத்த வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பாள்.

அது முதல் ஞாயிறு. அதற்குப் பிந்திய ஞாயிறுதான் விஷயம்.

இங்கே யாங்கோனில் உன் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு முறை வயிற்றில் தங்கவில்லை. இரண்டு முறையும் நீ கடலில் இருந்தாய். மூன்றாவது முறை கரையில் இருப்பேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு வந்தவன், கரையில்தான் இருந்தாய். ஆனால் எந்தக் கரை? சனிக்கிழமை மத்தியானம் டெலிபோன் கார்டு போட்டுப் பேசியபோது, உன் மாமியார் சொன்னது: வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, டாக்டரம்மா முகம் சரியில்லை. அவ்வளவுதான். டாக்டரம்மா முகம் சரியில்லை என்பதை ஏன் சொல்ல வேண்டும்? அந்தக் கிழவியை இதற்காக நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்று இரவு முழுக்க நீ கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாய். விடியும் வேளையில்தான் கண்ணயர்ந்தாய். எழுந்து மூன்று முறை பூத்துக்குப் போனோம், லைன் கிடைக்கவில்லை.

"கோயிலுக்குப் போலாம்" என்றாய்.

"இங்க ஏதுடா கோயில்?"

"போன வாரம் போனோம்ல."

உனக்கு ஒரு கணக்கு இருந்தது. உன் மனைவி செவ்வாய்க்கிழமை பிறந்தவள். நம்மூர் பகோடாவில் செவ்வாய்க்காரர்களுக்குத் தென்கிழக்கு மூலை, சிங்க வாகனம். அங்கே போய் வயதுக்கு ஒரு கிண்ணம், கூட ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ரோமானியருக்கும் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு சாமி உண்டு என்று நம் இரண்டாம் இன்ஜினியர் எப்போதோ சொல்லியிருக்கிறார். "அவங்களுக்கும் செவ்வாய் இருக்கு. சிங்கமும் வச்சிருந்தாங்க. அப்ப மூலை மட்டும் இல்லாமலா போகும்?" என்றாய். படித்தவனாக இருந்திருந்தாலும் எதிர்த்துப் பேசியிருக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது.

டிக்கெட் அம்மாளிடம் நீ நோட்டைப் பிரித்துக் கேட்டாய்: செவ்வாய் எங்கே? மொழி உனக்குச் சுத்தமாக வந்தது, அதுதான் தொந்தரவு. அவள் விரல்விட்டுக் காட்டினாள்: செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து திறந்திருக்கும். நீ அது இல்லை என்று தலையை ஆட்டி, சிங்கம் வரைந்த பக்கத்தைக் காட்டினாய். அவள் முகம் மலர்ந்து, வெளியே வந்து, வட்ட அரங்கத்துக்கு வழி காட்டினாள். நீ அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாய்.

"தென்கிழக்கு எதுடா?" என்று என்னைக் கேட்டாய்.

வானம் முழுக்க மேகம், சூரியனே இல்லை. இயந்திர அறைக்குள் வேலை செய்கிறவனுக்குக் கிழக்கு ஏது, மேற்கு ஏது? நான் தினமும் காலையில் மேலே கேப்டனுக்கு டீ கொண்டுபோகிறவன். திசைகாட்டியைப் பார்த்து, ஊர் எந்தப் பக்கம், அரங்கம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவைத்திருந்தவன். தென்கிழக்கு மூலை, கோயிலின் முன்பக்கம், சதுக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. சதுக்கத்தில் ஒரு காப்பிக்கடை. காப்பிக்கடை வாசலில், கம்பளிக் கோட்டோடு, கையில் கோப்பையோடு, நம் சீஃப் இன்ஜினியர். நல்லவேளை, அதுவரை நம் பக்கம் திரும்பவில்லை.

அந்த மனிதரை உனக்குத் தெரியும். யாராவது தும்மினால் சாப்பாட்டு நேரத்துக்குள் அதைக் காசநோயாக்கிவிடுவார். தண்ணீர் பாட்டிலும் வெறுங்காலுமாக நம் இரண்டு பேரையும் அவர் அந்த மூலையில் பார்த்துவிட்டால், மீதி ஐந்து வாரமும் என் சாம்பாரை யார் மதிப்பார்கள்? இதுதான் அந்த நிமிடம் என் மனதில் ஓடியது. உன் மனைவி இல்லை, பிறக்கப்போகும் பிள்ளை இல்லை. என் சாம்பார்.

"பின்னால வா. பின்பக்க மூலைதான்" என்றேன்.

"நிச்சயமாவாடா?"

"காலைல காம்பஸ்ல பாத்தேன்."

பின்பக்கம் ஒரு குப்பைத்தொட்டி, அதன் மேல் ஒரு பூனை. அதுதான் வடமேற்கு. நம்மூரில் அது ராகுவின் மூலை, வாகனம் தந்தமில்லாத யானை. ராகு காலத்தில் பீடிகூடப் பற்றவைக்காத உன்னை நேராக ராகு முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினேன்.

கிண்ணம் இல்லாததால் பாட்டில் மூடியால் ஊற்றினாய். அவளுக்கு இருபத்தொன்பது வயது, முப்பது மூடி. வாய்விட்டு எண்ணினாய், பர்மியத்தில். எண்ணுவது என்றால் நம் எல்லோருக்கும் பர்மியம்தான், அழுவது என்றால்தான் தமிழ். பதினேழாவது மூடியில் தமிழ் வந்துவிட்டது. "இந்தத் தடவையாவது, இந்தத் தடவையாவது" என்று அந்தக் கல்லைப் பார்த்துச் சொன்னாய். பாதித் தண்ணீர் உன் காலிலேயே கொட்டியது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "மெதுவா ஊத்துடா, சிந்துது" என்றுதான் வந்தது.

திரும்பி வந்தால் படிக்குக் கீழே ஷூக்கள் இல்லை. டிக்கெட் அம்மாள் அவற்றைத் தன் அறைக்குள் எடுத்துப்போய்ச் சின்ன ஹீட்டருக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தாள். சூடான ஷூவுக்குள் கால் வைத்தபோது நீ அவளிடம் என்னவோ நீளமாகச் சொன்னாய். நோட்டைப் பார்க்காமலே சொன்னாய். அவள் உன் தோளில் தட்டிக்கொடுத்தாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்டதற்கு, "பொண்டாட்டி, வலி, தூரம். இதுக்கு மூணு வார்த்தைதான் தெரியும், மூணையும் திருப்பித் திருப்பிச் சொன்னேன்" என்றாய்.

நேராக பூத்துக்குப் போனோம். நாலாவது முயற்சி, லைன் கிடைத்தது. பக்கத்து வீட்டு டெலிபோனில் உன் மாமியார், அதே கிழவி. "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க." கார்டு தீர்ந்தது. நீ ரிசீவரை மாட்டாமல் அப்படியே தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்து என் சட்டையைப் பிடித்தாய்.

"தென்கிழக்குடா" என்றாய்.

"ஆமாடா" என்றேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் பசுந்தாங்குக்கே தெரியும். உன் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் "இது ரோமாபுரி சாமி குடுத்த புள்ள" என்றாள். தெருவில் உன் மகளுக்கு ரோமாபுரி என்றே பேர் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்தால்கூட "ரோமாபுரி ரத்தம்" என்றார்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீ என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "திசை காட்டினவன் இவன்" என்று முதல் தட்டை எனக்குத்தான் வைப்பாய். அந்தப் பிரியாணியை நான் எப்படி விழுங்கினேன் என்று கேட்காதே. நன்றாகவே விழுங்கினேன். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது சொல்லவேண்டி வந்ததற்குக் காரணம் உன் மகள். அவள் புருஷனும் கப்பலில்தான் இருக்கிறான், மூன்றாம் இன்ஜினியர், நல்ல பையன், உன்னைப் போலவே டீசல் வாசனை. அவன் கப்பல் குரோவேஷியாவிலேயே ரியெக்கா துறைமுகத்தில் நின்றிருந்தது. அங்கிருந்து பூலாவுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கப்பல் ஏஜென்டிடம் கெஞ்சி ஒரு நாள் அனுமதி வாங்கிவைத்திருந்தான். உன் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, கால் வீங்கியிருந்தது, டாக்டர் அடிக்கடி வரச் சொல்லியிருந்தார். அவளும் பயந்துபோயிருந்தாள். அப்பா ஊற்றிய அதே இடத்தில் அவன் ஊற்ற வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். நீ ஒரு பெட்டி வரைந்து, முன்னால் ஆறு கோடு போட்டு, தென்கிழக்கு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரைந்திருந்தாய். பக்கத்தில் ஒரு சிங்கம், ஆட்டுக்குட்டி மாதிரி. பிறகு போனில், வானத்திலிருந்து எடுத்த மேப் படத்தைத் திறந்து காட்டினாள். கோயில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

"இந்த முன்பக்க மூலைதானே மாமா? அவருக்கு அம்புக்குறி போட்டு அனுப்பணும்."

நான் ஆமாம் என்றிருந்தால் முடிந்தது. மருமகன் நீ வரைந்த மூலையில் ஊற்றியிருப்பான், அவளுக்கும் ஒரு குறையும் இருந்திருக்காது, என் மானமும் தப்பியிருக்கும். ஆனால் அவள் கேட்டது சரியான திசையை இல்லை. நீ நின்ற இடத்தை.

சமூசாவைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். காப்பிக்கடை, சீஃப் இன்ஜினியர், சாம்பார், பூனை எல்லாம். உள்ளே இருந்த உன் மனைவி சமையலை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

பிறகு உன் மகள், "அப்ப நான் ராகு புள்ளையா?" என்றாள்.

"மன்னிச்சிரும்மா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

உன் மனைவி உள்ளே போய், கரண்டியால் சட்டியை இரண்டு மடங்கு சத்தத்தோடு கிண்ட ஆரம்பித்தாள். உன் மகள் போனை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாள்.

"எங்கன்னு சரியாக் காட்டுங்க."

"ராகு மூலைம்மா அது. வேணாம். முன்பக்கமே ஊத்தச் சொல்லு."

"எனக்கு வேலை செஞ்ச மூலை அதுதானே மாமா? முன்பக்க மூலை இதுவரைக்கும் யாருக்கு என்ன செஞ்சுதாம்?"

உன் பிள்ளைதான் அவள். பின்பக்க மூலையில் அம்புக்குறி விழுந்தது. அன்று கிளம்பும்போது உன் மனைவி எனக்குச் சோறு போட்டாள், ஆனால் அப்பளம் வைக்கவில்லை. தண்டனை அதோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

மருமகன் படம் அனுப்பியிருந்தான். வெறுங்கால், நீலக் குளிர்கோட்டு, கையில் பாட்டில் மூடி. குப்பைத்தொட்டியை மாற்றியிருக்கிறார்கள். பூனை இருக்கிறது, வேறு பூனையாகத்தான் இருக்க வேண்டும். டிக்கெட் கொடுப்பது இப்போது ஓர் இளைஞன், அவன் ஷூவை ஹீட்டர் முன்னால் வைக்கவில்லையாம். உலகம் அப்படித்தான் போகிறது.

பத்து நாள் கழித்து, போன வியாழக்கிழமை, உனக்குப் பேரன் பிறந்தான். இரண்டு பேரும் நல்லாருக்காங்க. இந்தச் செய்தியை எனக்குப் போனில் சொன்னது உன் மனைவி. சொல்லிவிட்டு, "சனிக்கிழம வாங்க, அப்பளம் பொரிக்கிறேன்" என்றாள்.

உன்னிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பாட்டில் மூடி, நீலம், அன்றைக்கே உன் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக்கொண்டேன். டீத்தூள் டப்பாவுக்குள் இருக்கிறது, கேட்பவர்களிடம் அளவுமூடி என்று சொல்கிறேன். பிறகு, இடிந்த சுவர் எதைக் கண்டாலும் கால் ஷூவைக் கழற்றப் பார்க்கிறது. பிறகு அந்த மூன்று வார்த்தை. பொண்டாட்டி, வலி, தூரம். மார்க்கெட்டில் நீ கற்றுக்கொடுத்த நூற்றைம்பதும் மறந்துபோய், நீ அன்று சொன்ன அந்த மூன்று மட்டும் உன் குரலிலேயே நிற்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் வெங்காயம்கூட வாங்க முடியாது.

சனிக்கிழமை போனேன். பேரன் பிறப்பைப் பதிய உன் மகளின் பழைய காகிதங்கள் தேவை என்று உன் மனைவி ஃபைலை என்னிடம் கொடுத்து எடுத்துத்தரச் சொன்னாள். உன் மகள் பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு அதில் இருந்தது. ஞாயிறு, காலை பத்தரை மணி என்று போட்டிருக்கிறது. அப்பளத்தைக் கடித்தபடி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே காலை பத்தரை என்றால் பூலாவில் விடிகாலை ஐந்து. அந்த நேரத்தில் நான் கீழே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், நீ அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாய். நாம் கோயில் படியில் ஷூவைக் கழற்றியது பதினொரு மணிக்கு.